ஏழாவதாக நின்ற இரவு

வர்த்தூர் ஏரிக்கரையில்
கன்னிமார் கற்கள் ஆறுதான் மிச்சம்.
ஏழாவதின் மேல் அபார்ட்மெண்ட்காரன்
காம்பவுண்டுச் சுவர் எழுப்பிவிட்டான்.
நிற்க இடமில்லாதவள் என்ன செய்வாள்?
பி.யு.சி.யில் சேர்ந்தாள்.

கெமிஸ்ட்ரி லேபில் என் பக்கத்து ஸ்டூல்.
ரிஜிஸ்டரில் பெயர் சப்தமி.
சிறகெல்லாம் கிடையாது;
ஓடினால் மட்டும் தோளிலிருந்து நுரை பறக்கும்.
ஏரியே நுரைத்து ரோட்டுக்கு வந்து
ஸ்கூட்டர்காரர் முகத்தில் அப்பும் ஊரில்
அதை யார் கவனிக்கப் போகிறார்கள்.

நான் கவனித்தேன்.
பெரிதாக ஒன்றுமில்லை, எனக்கும் பேச ஆளில்லை.
கிளாஸ் பெண்களுக்கு நான் தமிழ்,
ஓசூர் மாமா பெண்களுக்கு நான் கன்னடம்.
அவளுக்கோ இரண்டும்
ஒரே தவளைச் சத்தத்தின் இரண்டு கரைகள்.

கேண்டீன் புளியோகரையை முகர்ந்து தள்ளிவைத்தாள்.
"உப்பு பட்டால் கரைந்துவிடுவேன்."
நான் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

அப்பா தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறார் என்பதை
இரண்டு மாதம் மறைத்தேன்.
ஒருநாள் காலேஜ் கேட்டில் வண்டி நிற்க,
போய்த் தகரத்தில் காதை வைத்தாள்.
"இது என் மூன்றாவது அக்கா.
எங்கே போகிறாள்?"
"பதினாலாவது மாடிக்கு," என்றேன், "குளிக்க."
கோபித்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.
"அவளுக்கு உயரம் என்றால் பயம்,"
அவ்வளவுதான் சொன்னாள்.

மார்கழி அமாவாசைக்கு முதல் நாள் கேட்டாள்:
"ஒரே ஓர் இரவு. நீ என் இடத்தில் நில்.
வரிசையில் ஆள் குறைந்தால்
ஏரி எண்ணிவிடும்.
ஒரு வீட்டுக்குள் தூங்கினால் எப்படியிருக்கும் என்று
பார்த்துவிட்டு வருகிறேன், உன் முகத்தோடு."

எல்லாக் கதையிலும் இந்த இடத்தில்தான்
பெண்கள் ஏமாறுகிறார்கள்.
தெரியும், லைப்ரரியில் அத்தனையும் படித்தவள் நான்.
ஷூவைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன்.

கல்லாயிருப்பது தூக்கம் மாதிரி இல்லை.
கொசு வந்து உட்காரும், யோசிக்கும், போய்விடும்.
குடித்திருந்த ஒருவன் என்மேல் சாய்ந்துகொண்டு
பங்காரப்பேட்டை மனைவிக்கு போன் போட்டு
"வந்துகிட்டே இருக்கேன்" என்றான்
நாலு முறை.
பக்கத்திலிருந்த ஆறாவது அக்கா
விடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.
ஆனால் குளிர்காற்று எழும்பியபோது
அது வரும் பக்கமாய்
ஓர் அங்குலம் நகர்ந்து நின்றாள்.

மூன்று மணி.
நான்கு.
வரமாட்டாள் என்று நினைத்தேன்.
இதையும் எழுதத்தான் வேண்டும்:
நினைத்தேன்.

ஐந்தரைக்கு வந்தாள்,
ஷூவைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு,
மூச்சிரைக்க, வந்த வழியெல்லாம் நுரை.

"உன் அப்பா தூக்கத்தில் லோடு எண்ணுகிறார்.
முப்பத்திரண்டு வரை போய்
மறுபடி ஒன்றிலிருந்து.
தம்பி போர்வையை இழுக்கிறான், நீ சொல்லவேயில்லை."

"அம்மா?"

சுவரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"நான் குழம்பைத் தள்ளிவைத்ததைப் பார்த்தாள்.
ரொம்ப நேரம் பார்த்தாள்.
பிறகு உப்பில்லாமல் கோதுமை மாவு கரைத்து
இரண்டு தோசை ஊற்றிப் போட்டாள்.
நான் தின்று முடித்ததும்
கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டாள்,
'எம் பொண்ணு நிக்கிற எடத்துல
ரொம்பக் குளுருமா?'"

திங்கட்கிழமை காலை
சமையல் மேடையில் இரண்டு டப்பா.
நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.
ஒன்றின் மூடியில் மட்டும் ரப்பர் பேண்ட்.
"மாத்திக் குடுத்துடாத,"
என்றாள் அம்மா,
சொட்டிக்கொண்டிருந்த குழாயை
வலிக்காமல் மூடியபடி.