பத்துத் தோட்டாக் கணக்கு

வல்லம் தாண்டிச்
செம்மண் வெட்டி எடுத்துக் கைவிட்ட பள்ளம்.
தஞ்சாவூர்ப் பச்சை இதுவரை வந்து சேர்வதில்லை.
தகரக் கொட்டகை, ஐந்து மேசை,
இருபத்தைந்து மீட்டர் தள்ளித்
தலையும் தோளும் மட்டுமுள்ள காகித மனிதர்கள்.

பதிவேட்டில் பெயர் எழுதும்போது பார்த்தேன்,
எனக்கு முந்தின வரியில் மாசிலாமணி.
மூன்று சுழிக்கு நான்கு போடும் அதே 'ணி'.
லாரி நடைச்சீட்டு நகல்கள் நூற்றுப் பதினேழில்
பார்த்துப் பார்த்துப் பழகியது.

என் கைப்பையில் இருப்பது
முப்பத்திரண்டு காலிபர் ரிவால்வர்.
கலெக்டர் ஆபீசுக்குப் பதினான்கு மாதம் நடந்து,
"பொம்பளைக்கு எதுக்கும்மா இது" என்றவரிடம்
நடுராத்திரி வாசலில் வந்து நின்று
அணையாமல் எரிந்த லாரி விளக்கைச் சொல்லி,
போர்த்தண்ணீர் உப்பேறிய கதையை
அவர் கேட்காமலே சொல்லி,
வாங்கியது.
இரண்டு கறவை மாட்டின் விலை.
எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை.

அவர் பெட்டியில் இருப்பதும் அதுவே.
அதே கடை, அதே வாரம்.
என்னால் தன் உயிருக்கு ஆபத்து என்று
மனுவில் எழுதியிருந்தாராம்.

இருதயராஜ் சார் பட்டாளத்தில் இருந்தவர்.
ஆளுக்குப் பத்துத் தோட்டா
பாக்கு எண்ணுவதுபோல் எண்ணி வைத்தார்.
"காலிக்கூடு பத்தும் திரும்பி வரணும்.
ஒண்ணு குறைஞ்சாலும் ரிஜிஸ்டர் என்னை உதைக்கும்."

காதடைப்பானில் ஒன்றுதான் உருப்படி.
மற்றதில் பஞ்சு பிய்ந்து தொங்கியது.
நல்லதை என் பக்கம் தள்ளினார் மாசிலாமணி.
"வச்சுக்குங்க. உங்களுக்குப் பழக்கமில்ல."
உங்களுக்கு இருக்கிறதா என்று
நான் கேட்கவில்லை.

முதல் வெடி.
காகித மனிதனுக்கு ஒன்றும் ஆகவில்லை,
என் மணிக்கட்டுதான் அடிபட்டது.
இரண்டாவது அவன் காதோரக் காற்றுக்கு.
மூன்றாவதில் கண்ணை மூடினேன் என்பது
சார் சொல்லித்தான் தெரியும்.
நான்காவது, பக்கத்துக் காகிதத்தின் வயிற்றில்.
"அது என்னோடது" என்றார் மாசிலாமணி,
சிரிக்காமல்.
அவர் சுட்டதில் ஆறு எங்கே போனதென்று
அவருக்கும் தெரியாது.
முந்திரிக்காட்டு மயில் மட்டும்
ஒவ்வொரு வெடிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

சிவப்புக் கொடி இறங்கியது.
மைதாப் பசையும் சதுரக் காகிதமுமாக
ஓட்டை அடைக்க வந்த சகாயம்
என் ஆளை ஏற இறங்கப் பார்த்து,
"இவருக்கு வேலையே இல்லக்கா" என்றாள்.

அவனுக்குப் பின்னால்
ஆளுயரத்துக்கு அடுக்கிய மூட்டைகள்.
ஒன்றில் புதுக்கிழிசல்.
அதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது,
மெல்ல, நிற்காமல்.

கையை நீட்டினேன்.
வெள்ளை. பருமணி.
கிளிஞ்சல் துணுக்கு ஒன்று, காக்காப்பொன் மினுக்கு.
இந்தச் செம்மண்ணுக்கு எந்த வகையிலும் உறவில்லை.
எங்கள் துறையில் இடுப்பளவுத் தண்ணீரில்
காலடியில் நழுவுவது.
பாலித்தீன் பையில் கட்டி அரக்கு வைத்து
ஐகோர்ட்டில் நான் கொடுத்தது.

"மூணு லோடு" என்றது பின்னால் குரல்.
"கிளப்புக்கு இனாமா அடிச்சேன்.
அப்ப உங்க கேஸ் வரல."
கொஞ்சம் பொறுத்து,
"குண்டு தாங்குறதுன்னா கொள்ளிடத்து மணல்தான்.
சரளைன்னா திருப்பித் தெறிக்கும்."

நெல்லை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு
தன் விளைச்சலைச் சொல்பவரின் குரல்.
கோபம் வர வேண்டிய இடம் அது.
மணல் சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

காலிக்கூடுகளை மேசையில் கொட்டினோம்.
எனக்குப் பத்து. அவருக்கு ஒன்பது.
சார் முகம் மாறியது.
குனிந்து தேடினோம், ஐந்து மேசைக்கடியிலும்,
தலையோடு தலை முட்டாத குறையாக.
என் செருப்படியில் இருந்தது.
எடுத்துக் கொடுத்தேன்.
ஊதிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

தேர்தல் அறிவித்துவிட்டால்
இரண்டையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.
ஒரே இரும்பு பீரோ, அநேகமாக ஒரே தட்டு.
செவ்வாய்க்கிழமை வாய்தா.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
செருப்பைக் கழற்றித் தட்டினேன்.
இரண்டு நிறத்தில் உதிர்ந்தது.