பத்தாம் நம்பர் ஸ்பேனர்

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை
கால் மில்லிமீட்டர்.
இரவுப் பணியில் பன்னிரண்டு மணித் திருப்பும்
விடியற்காலை ஆறு மணித் திருப்பும் என் பொறுப்பு.

ரவீல் கமாலெத்தினோவின் இடது காலைச் சுற்றி
நான்கு எஃகு வளையங்கள்.
தோலில் நுழைந்து எலும்பைத் துளைத்து
மறுபக்கம் வெளிவரும் கம்பிகள்.
ஷுமிகா யார்டில் கொக்கி மாட்டும்போது
சரக்கு வண்டியொன்று அவனிடமிருந்து
ஐந்து சென்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனது.
திருப்பிக் கேட்க முடியாது,
வளர்த்துத்தான் ஆகவேண்டும்.

அதற்காக மருத்துவர் நல்ல எலும்பை
இன்னோரிடத்தில் வெட்டினார்.
"உடைஞ்சதுக்கு வைத்தியம் உடைக்கிறதா, அக்லாயா?"
ஆமாம் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உறைந்த தோபோல் ஆற்றின் மேல் லாரிகள் போகின்றன.
எலும்பையும் அப்படித்தான் நினைக்கிறார்கள்,
கெட்டி, குளிர், முடிந்துபோன சமாசாரம்.
அடியில் ஓடுவது யார் காதிலும் விழுவதில்லை.

நான் பார்த்திருக்கிறேன்,
அடித்தள ஆய்வகத்தில், கண்ணாடித் தகட்டில், ஒரு சீவலை.
நடுவில் ரத்தக்குழாயின் துளை,
சுற்றிலும் வெட்டிய பைன் மரம் போல வளையங்கள்.
வளையங்களுக்கிடையே எறும்பு எறும்பாகக் கறுப்புப் புள்ளிகள்.
எலும்பைக் கட்டிய கொத்தனார்களில் சிலர்தானாம்,
கட்டிக்கொண்டே தங்களையும் உள்ளே வைத்துப் பூசிக்கொண்டவர்கள்.
மயிரிழை வாய்க்கால்களில் கைநீட்டி
ஒருவர் விரலை ஒருவர் தொட்டபடி
மேலே பாரம் ஏறுகிறதா என்று
கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதே அறையில் ஒரு ஜாடி.
அமிலத்தில் சுண்ணாம்பைக் கரைத்துவிட்ட எலும்பு,
முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள்.
பக்கத்துத் தட்டில் நார் எரிந்துபோக உலையில் சுட்டது,
தும்மினால் உதிரும்.
ஒன்று கயிறு, ஒன்று ஓடு.
இரண்டும் பிரியாத வரைதான்
மனிதர் நிற்பதும் குதிப்பதும்.

பிப்ரவரியில் அவன் மனைவிக்குப் பிரசவம்.
அதற்குள் வீடு போய்விட வேண்டும் அவனுக்கு.
ஸ்பேனரை அவன் மேசையில் மறந்து வைத்தது நான்.

ஒன்பது இரவுகள்.
போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு
எனக்குப் பின் அவனும் திருப்பியிருக்கிறான்.
எக்ஸ்ரேயில்,
வெள்ளை நூலிழைகள் இறங்கியிருக்க வேண்டிய இடத்தில்
வெறும் கறுப்பு.
மருத்துவர் கத்தவில்லை.
நட்டைப் பின்னால் திருப்பச் சொன்னார்.
அந்த மில்லிமீட்டர்களை ஒவ்வொன்றாக
அவன் கண்ணெதிரே நானே திருப்பி எடுத்தேன்.

அவசரப்பட்டால் நூல் அறுந்துவிடும்.
சுணங்கினால் இடைவெளி இறுகி மூடிக்கொள்ளும்.
இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம்
எலும்புக்குத் தெரியும்.
நாங்கள் அதனிடம் கற்றுக்கொண்டதுதான்
இந்தக் கால் மில்லிமீட்டர்.

குழந்தை பிறந்த செய்தி போனில் வந்தது. பெண்.
அன்றைக்கு அவன் கட்டிலிலிருந்து இறங்கி
ஊன்றுகோலோடு தாழ்வாரம் முழுக்க நடந்தான்,
வளையக்காலை முழுசாக ஊன்றி, கெட்ட வார்த்தைகளோடு.
வாரக்கணக்காக நாங்கள் கெஞ்சியது அதற்குத்தான்.
ஊன்றாத காலுக்கு உள்ளிருப்பவர்கள் உழைப்பதில்லை.
கரைக்கிறவர்கள் மட்டும் வந்து கரைத்து
சுண்ணாம்பை ரத்தத்தில் விட்டுவிட்டுப் போவார்கள்.
ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்துக்கு வேண்டும் கொஞ்சம்.
இருப்பு எங்கே என்று அதற்குத் தெரியும்.

மார்ச்சில் எடுத்த படத்தில்
மேலிருந்தும் கீழிருந்தும் இழைகள்,
நடுவில் இன்னும் சந்திக்கவில்லை.
ரவீல் படத்தைப் பார்க்கவில்லை.
கைபேசியை நீட்டினான்.
தொப்பி கழற்றிய சின்னத் தலை,
உச்சிக்குழி துடிக்கிறது.

"இங்க எலும்பே இல்லையா?"

வரும் என்றேன்.
ஒன்றரை வருஷம் ஆகலாம்.

அவன் என் சட்டைப்பையைப் பார்த்தான்.

அதுக்கு இது வேண்டாம், தூங்கு.