வசீகரம்: மூன்று

ஜன்னலுக்கு நேரே தொங்கு ரயில் போகும்போதெல்லாம்
வூப்பர் ஆறு ஒரு கணம் மஞ்சளாகி அணையும்.
வெள்ளிக்கிழமை இரவு.
நிரோயன் மூக்கு செதுக்கிக்கொண்டிருப்பான்.

மூக்குத்தண்டின் உயரம், நாசியின் அகலம்,
ஒரு கண்ணுக்கும் மற்றதற்கும் எவ்வளவு தூரம்:
பன்னிரண்டு கோடுகள், ஒவ்வொன்றிலும் நகரும் ஒரு மணி.
"முகத்தோட மினக்கெட்டது காணும், சண்டைக்கு வா" என்றால்
"பொறு, இடது புருவம் பிழைச்சுப்போச்சு" என்பான்.
இரண்டரை மணி நேரம்.
பிறகு முதல் குகையிலேயே
இரும்புத் தலைக்கவசம் ஒன்று கிடைக்கும்.
பாதுகாப்பு நான்கு. மாட்டிக்கொள்வான்.
அந்த முகத்தை அதற்குப் பின் யாரும் பார்த்ததில்லை.

நான் பல் செய்கிறவள்.
எல்பர்ஃபெல்டில் ஒரு பின்கட்டு ஆய்வுகூடம், பதினோரு வருடம்,
பீங்கானை அடுக்கடுக்காகப் பூசிச் சுட்டெடுப்பது.
வெள்ளை என்ற ஒன்றுக்கு என் மேசையில் பதினாறு மாதிரிகள்.
அவனுடைய விளையாட்டில் மண்ணிறத்துக்கு ஆறு.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறோம் நாங்கள்,
மணி அங்கே நிற்பதில்லை.

அவனது உலகில் வாசலிலேயே கேட்டுவிடுவார்கள்:
வாள்வீரனா, மந்திரவாதியா, திருடனா?
சொல்லிவிட்டால் சொன்னதுதான்.
கையில் அறுபது புள்ளிகள், பங்கிட்டுக்கொள்.
பலம் பதினெட்டு வேண்டுமென்றால்
எங்காவது பிடுங்க வேண்டும்.
அவன் எப்போதும் ஒரே இடத்தில்தான் பிடுங்குவான்.
வசீகரம்: மூன்று.
அதற்குக் கீழே இறக்க விளையாட்டு விடாது.
கடைக்காரர்கள் இரட்டை விலை சொல்வார்கள்,
காவலர்கள் வணக்கத்துக்குத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.
"கதைச்சு என்ன கிழிக்கப்போறம்? வெட்டினாக் காணும்."

என்னுடையதில் யாரும் எதுவும் கேட்பதில்லை.
கப்பலிலிருந்து இறங்கினால் வெறும் ஆள்.
ஓடினால் ஓட்டம் கூடும். அடிவாங்கினால் தோல் தடிக்கும்.
சுவரோரம் நின்று ஒரு மணி நேரம் குதித்தேன்;
குதித்தல் நாற்பதானது, கால் உடைந்தது,
வைத்தியத்திலும் ஒன்று கூடியது.
அவனுக்குச் சிரிப்பு, உதடு பிரியாத சிரிப்பு.
"உது விளையாட்டோ, வேலையோ?"

வேலையில் எண் ஏறுவதில்லை என்று நான் சொல்லவில்லை.
எத்தனையோ ஆயிரம் கடைவாய்ப்பல் செய்தும்
என் தலைக்கு மேல் பொன்னெழுத்து மின்னியதில்லை.
உருப்பெருக்கியின் காலை மாற்றித் தந்தார்கள், ஒருமுறை.

போன மாதம் அவன் சமையலறையில் நின்றான், பொற்காசு போதவில்லை,
கவசத்தைக் கழற்றி விற்கச் சொல்லிக் கத்தினான்.
கழற்றினேன்.

அவனேதான்.
புருவம், காதுமடல், கன்னத்தின் அந்தப் பள்ளம்,
நிறம்கூட முடிந்த மட்டும்.
வாய்க்கு மட்டும் கோடு கிடையாது, இரண்டே தெரிவு:
மூடியது, சற்றுத் திறந்தது.
மூடியிருந்தது.

நான்கு பனிக்காலத்துக்கு முன்
இந்த ஊரின் கணக்கற்ற படிக்கட்டுகளில் ஒன்றில் வழுக்கி
மேல் கோரைப்பல்லைத் தொலைத்தவன்.
கைபேசி வெளிச்சத்தில் தேடினோம், வெள்ளைக்குள் வெள்ளையை.
காப்புறுதி பாதிதான் தரும் என்று கடிதம் வந்தது.
மிச்சத்தை எங்கே பிடுங்கினான் என்று
கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன்.

அன்றைக்கு எடுத்த அச்சு எங்கள் அலமாரியில்தான் கிடந்தது,
அவன் பெயர் பிழையாக எழுதப்பட்டு.
வேலை முடிந்த பிறகு, மூன்று மாலை.
மாதிரி ஏழு. கழுத்தில் ஒரு சொட்டுத் தேயிலை நிறம்.
நுனியில் கொஞ்சம் தேய்வு வைத்தேன்,
பக்கத்துப் பல் சந்தேகப்படாதபடிக்கு.
அழகாக்க வந்த கையை இரண்டு தடவை தடுத்தேன்.

திங்கட்கிழமை பல்மருத்துவரிடம் நேரம்.
பல் சின்னப் பெட்டியில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில்.
அவன் அதைப் பார்க்காதமாதிரி
புது ஆளொன்று தொடங்குகிறான். வாள்வீரன், வழமைபோல.
பலம் பதினெட்டில் நின்று, யோசித்து, பதினேழாகிறது.
வசீகரம்: நான்கு.

நான் திரும்பவில்லை.
ரயில் போகிறது, ஆறு மஞ்சளாகிறது.
கடைக்காரன் இன்னும் இரட்டை விலைதான் சொல்கிறான்.