பத்து நாள் ஸ்பெயின்

மறுப்புக் கடிதத்தில் இரண்டாம் கட்டத்தில் டிக்.
பயணத்தின் நோக்கம் நம்பும்படி இல்லையாம்.
'மகளைப் பார்க்க' என்று எழுதியிருந்தார் அப்பா.
அதை இன்னும் எப்படி நம்பும்படி எழுதுவது?

"பேரே ரொட்ரிகோ.
அவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன்
கப்பல்ல வந்து வச்சிட்டுப் போன பேரு.
இப்ப நீ யாருன்னு கேக்கான்."
ரோலா ஃபிளாட்டின் ஏசி
அதைக் கேட்டு ஒருமுறை செருமியது.

ஆகவே நான் வந்தேன்,
கிரனாடாவிலிருந்து, அறைத்தோழி நியெவெஸுடன்,
ஆகஸ்டில், ஷார்ஜாவுக்கு,
புத்தியுள்ள எவரும் வராத மாதத்தில்.

அம்மா பயணத் திட்டத்தைக் கிழிக்கவில்லை.
ஏஜென்ட் அச்சடித்துத் தந்த நான்கு தாள்,
பிளாஸ்டிக் உறையோடு.
மக்தூம் அண்ணனின் பஜேரோவில்
முன்சீட்டைப் பிடித்து, மடியில் விரித்தாள்.
"முதல் நாள், மாட்ரிட். காலைச் சாப்பாடு உண்டு."
அல் தைதைத் தாண்டும்போது
தக்காளிச் சோற்றைப் பிரித்தோம்.

டொலேடோ ஒரு பெட்ரோல் பங்க்.
பிரிட்டோ கழிப்பறையிலிருந்து வர நேரமானதால்
டொலேடோவில் கூடுதலாகத் தங்கினோம்.
மசாஃபி சந்தையில் மூன்றாம் நாள்.
கம்பளம், மண்கூஜா, ஊதிய ரப்பர் முதலை.
"கோர்டோபால விலை ஜாஸ்தி" என்று
மாம்பழப் பெட்டியை நாற்பதிலிருந்து முப்பதுக்கு இறக்கினாள்.
பெஷாவர்க்காரர் பணத்தை எண்ணிக்கொண்டே
கோர்டோபா எங்கே என்று உருதுவில் கேட்டார்.
ரொம்பத் தூரம் என்றார் மக்தூம் அண்ணன்.

நியெவெஸ் மட்டும் சிரிக்கவில்லை.
ஹாயென் பக்கம் ஒலிவ மரங்களுக்கு நடுவே அவள் ஊர்.
அறுவடைக்கு அறுவடை கடன் அடைக்கிற வீடு.
கோர்டோபாவையே பள்ளிச் சுற்றுலாவில்
அரை நாள் பார்த்தவள்.
"உன் அம்மா என்னைவிட அதிகம்
ஸ்பெயின் பார்த்துவிடுவாள்" என்றாள்,
எனக்கு மட்டும் புரியும் மொழியில்.

செவியாவை திப்பா ரவுண்டானாவில் மூன்றுமுறை சுற்றினோம்.
வழி தெரியாமல்தான்.

கோர்ஃபக்கானில் கடல் வெந்நீர்.
அப்பா பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி
குன்றின் மேலிருந்த காவல்கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்.
போர்ச்சுகீசியன் கட்டினதாம் என்றான் பிரிட்டோ, போனைப் பார்த்து.
"இங்கயும் வந்திருக்கான்.
விசா எடுத்தா வந்தான்?"

ஐந்தாம் நாள் கிரனாடா.
தாளில் அச்சாகியிருந்தது:
தங்கல், மகளின் அறை.
அம்மா அதை வாசிக்கவில்லை.
மடித்து உறைக்குள் செருகினாள்.
அலை வந்து போனது, நாங்கள் எல்லோரும்
அதை ரொம்பக் கவனமாகப் பார்த்தோம்.

"ஏட்டி, அவ பேருக்கு என்ன அர்த்தம்?"

பனி.
மாதாவோட பேரும்மா. பனி மாதா.

"இன்னைக்குத் தேதி?"

அஞ்சு.

தூத்துக்குடியில் இந்நேரம் வெடி போட்டிருப்பார்கள்.
ஸ்பெயினுக்காக இந்த வருடம்
திருவிழாவை விட்டவள்,
நாற்பத்துமூன்று டிகிரி வெயிலில்,
"பனிமயம்" என்று கூப்பிட்டாள்.
எங்கள் தெருவில் மட்டும் அந்தப் பெயரில் நான்கு பேர்;
ஒருத்தி மீன் விற்கிறாள், ஒருத்தி வக்கீல்.

நியெவெஸ் உடனே திரும்பினாள்.
மாம்பழம் வேண்டுமா என்று கேட்டதாக
நினைத்தாளாம், பிறகு சொன்னாள்.
கையை நீட்டினாள். அம்மா
தோலைக் கடித்து உரித்து, கொட்டை இருக்கும் பக்கத்தைத்
தனக்கு வைத்துக்கொண்டு, மீதியைக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் மலைக்குள் சுரங்கங்கள்.
பிரிட்டோ ஒவ்வொன்றுக்கும் மூச்சடக்கினான்.
வர்ற வருசம் மறுபடி போடுவோம் என்றார் அப்பா.
ஆளுக்குக் கட்டணம் எவ்வளவு,
மூன்று பேருக்கு எவ்வளவு
என்று யாரும் சத்தமாகப் பெருக்கவில்லை.
"பத்தாம் நாள்," அம்மா
சுரங்க விளக்குகளில் விட்டுவிட்டு வாசித்தாள்,
"விமான நிலையத்துக்கு
மூன்று மணி நேரம் முன்னதாக வரவும்."
பின்சீட்டில் நியெவெஸ்
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள், விரல்களில் பிசுபிசுப்பு.

ரோலாவில் பார்க்கிங் கிடைக்க நாற்பது நிமிடம்.
அதற்குத் தாளில் இடமில்லை.