நாளைக்கு அழிக்க வேண்டியது

மூன்று பத்துக்கு போன்.
"உலகு மேடம், லேப் உறைஞ்சு போச்சு."
வண்ணார்பேட்டை ரவுண்டானாவில்
நாய்கூட இல்லை. ஸ்கூட்டி ஒருத்தியாய்ச் சுற்றிற்று.

ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு அடியில்
முன்பு போர்வை அடுக்கிய அறை.
இப்போது இரண்டு இரும்புப் பெட்டிகள்,
அவற்றுக்குள் பதினொரு சர்வர்கள்.
ஒன்றுக்கும் உடம்பு கிடையாது.
ஒவ்வொன்றும் தனக்குத் தனி வீடென்று
நம்பிக்கொண்டு ஓடும்;
பக்கத்தில் இன்னொன்று மூச்சு விடுவது
எதற்கும் தெரியாது.

இருக்கிற இடம் நான்கு டெராபைட்.
தருவதாகச் சொல்லியிருப்பது ஏழு.
ஏமாற்று இல்லை இது,
எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்துக் கணக்கு:
எண்ணூறு பத்திரிகை, இருநூறு இலை.
எல்லோரும் முதல் பந்திக்கே வந்துவிடமாட்டார்கள்.
வாசலில் ஓர் ஆள் நின்று எண்ண வேண்டும்,
அவ்வளவுதான்.

எண்ண வேண்டிய ஆள் நான்.
'எண்பது சதம் நிரம்பியது' என்ற மின்னஞ்சல்
ஒரு துணிக்கடைத் தள்ளுபடிக்கும்
பான் கார்டு எச்சரிக்கைக்கும் நடுவே
திறக்காமல் கிடந்தது.

தோண்டினேன்.
லேப் சர்வரின் தலைமேல் ஒரு ஸ்னாப்ஷாட்.
வயது நானூற்றுப் பன்னிரண்டு நாள்.
குறிப்பு:
"பேட்ச்சுக்கு முன்னால எடுத்தது.
நாளைக்கு அழிச்சிரணும். மைதீன்."

அந்த 'நாளைக்கு'ப் பிறகு
மைதீன் தம்மாமுக்குப் போய்விட்டான்.
அடித்தட்டு மட்டும்
அந்த ஒரு சாயங்காலத்திலேயே நிற்கிறது.
அதன்பின் குத்திய ஒவ்வொரு விரலும்
ஒவ்வொரு சர்க்கரையும் உப்பும்
மேலே ஒட்டிய தாளில் எழுதி எழுதித்
தாள் கூரையை முட்டிவிட்டது.

அங்கே மணி ஒன்றிருக்கும். இருந்தும் கேட்டேன்.
உடனே பதில்:
"அது இன்னுமா கெடக்கு?"
அடுத்த நொடி:
"ரிவர்ட்ல மட்டும் கை வச்சிராத தாயி."

அடுத்தடுத்து இரண்டு பொத்தான்.
திரும்பு. அழி.
பெயரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்
இங்கேதான் மாட்டுவார்கள்.
துடைத்துவிடுவது 'திரும்பு'தான்;
நானூற்றுப் பன்னிரண்டு நாளும் போய்விடும்,
பிறந்த பிள்ளைகளின் ரத்த வகையோடு.
'அழி' என்பதோ
நடந்ததையெல்லாம் ஒத்துக்கொள்வது.
தாளில் கிடப்பதைச் சுவரில் சேர்ப்பது.

சேர்க்கவும் இடம் வேண்டுமே.
ஆடிட்டர் மட்டும்
வருஷம் ஒருமுறை எட்டிப்பார்க்கும்
பழைய சம்பள சர்வரை
அடுத்த பெட்டிக்கு ஏற்றினேன்.
ஓடிக்கொண்டே குடிபெயர்ந்தது,
ஒரு பாத்திரம் உருளவில்லை.
பிறகு அழுத்தினேன்: அழி.

லேப்பில் பேராச்சி அக்கா
பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.
கிடைத்தது காலண்டர் தாள்;
பின்பக்கம் எழுதினாள்:
ஐசியூ, நாலாம் கட்டில், பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்று.
வார்டு பையன் படிகளில் ஓடினான்.
என் தலைக்கு மேலேதான் அந்தப் படிகள்.
தடதடவென்று.

இந்த வேலைக்கு வருகிறவர்களே,
ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது.
அதே தட்டில்தான் அதுவும் சோறு தின்கிறது.
மூன்று நாள் தாண்டினால் வெளியேற்றுங்கள்.
இன்னொன்று,
தொண்ணூற்றொன்பதில் நிற்கும்.
ஐந்து நிமிடம். இருபது. ஐம்பது.
செத்துவிட்டதென்று நினைப்பீர்கள்.
சாகவில்லை. கை வைக்காதீர்கள்.
டீ குடியுங்கள்.

நான் குடிக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.
ஆற்றுப்பாலம் பக்கம் முதல் பஸ் ஹாரன் கேட்டபோது
நூறானது.
லேப் சர்வர் விழித்துத்
தன் கடிகாரத்தில் இன்னும் மூன்று ஒன்பது என்றது.
உடம்பில்லாதவற்றுக்கும்
எழுந்தவுடன் மணி சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

பேராச்சி அக்கா
காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து
உள்ளே ஏற்றினாள்.
நாலாம் கட்டில்காரருக்கு
அதற்குள் ஐந்தாக இறங்கியிருந்தது.

பத்து மணிக்கு அடுத்த பேட்ச்.
அதற்கு முன்னால் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தேன்.
குறிப்புப் பெட்டியில்
'நாளைக்கு' என்று விரல் தானாக அடித்துவிட்டது.
பின்னால் நகர்ந்து
ஒவ்வோர் எழுத்தாக எடுத்தேன்.
வியாழன், மாலை ஆறு மணி, உலகம்மை
என்று போட்டேன்.
போனிலும் அலாரம் வைத்தேன்.
மைதீனுக்கும் சொல்லிவைத்தேன்.