கடைசி எட்டு

சமையலறை நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.
பழைய டிராம் சீட்டை நாலாய் மடித்து
அடியில் செருகியிருக்கிறேன்.
அதன் முதுகைப் பிடித்து நிற்கிறேன்,
நீ சொன்னபடி, லேசாக,
பறவையைப் பிடிப்பதுபோல.
பறவையாக இருந்தால் இந்நேரம் செத்திருக்கும்.

கறுப்பு ரொட்டிப் பொட்டலத்தில் சாய்ந்த கைபேசிக்குள்
உள்ளங்கை உயரம் நீ.
உனக்குப் பின்னால் வெள்ளைச் சுவர், ஜாடி,
இலையில்லாத மூன்று குச்சிகள்.
எனக்குப் பின்னால் காயாத சீருடை,
ஜன்னல் இடுக்கில் லியபாயாவின் கடல்காற்று.

குதிகால் சேர்த்து, விரல் விரித்து, பிளியே.
இறங்கு, இன்னும் இறங்கு என்கிறாய்.
பதினோரு வருடம் டிராம் ஓட்டியவளுக்கு
உட்காரத் தெரியும்.
எழுந்து போகவும் தெரியும்.
பாதி உட்கார்ந்து அங்கேயே நிற்பது
எந்த ஊர் நியாயம்?

"உங்கள் இடுப்புக்கு மட்டும் எழுபது வயது"
என்றார் டாக்டர் இர்பே,
படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து.
மற்றதற்கெல்லாம்
அவரிடம் படம் இல்லை.

"கடைசி எட்டு" என்கிறாய்.
எண்ணி முடித்ததும்
"இதோ, நிஜமான கடைசி எட்டு."
பிறகு கைகளோடு ஓர் எட்டு.
எட்டும் விஸ்மா, எட்டும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.
எட்டவில்லை.

உச்சந்தலையிலிருந்து ஒரு நூல்
மேலே இழுப்பதாக நினைத்துக்கொள் என்றாய்.
நினைக்க என்ன இருக்கிறது,
தினம் எட்டு மணி நேரம்
என் தலைக்கு மேல் கம்பி ஓடுகிறது,
அறுநூறு வோல்ட்.
அதை விட்டால் வண்டி நகராது.
இதை மட்டும் நீ சொன்னவுடன் செய்தேன்.
கழுத்து தானாக நீண்டது.

செவ்வாய்க்கிழமை இணையம் மக்கர் செய்தது.
நீ பிளியேயில் உறைந்துபோனாய்,
வாய் பாதி திறந்து, முட்டி மடங்கி.
நீ எழாமல் நான் எப்படி எழுவது?
தொடை இரண்டும் வெடவெடக்க
உன் முன்னே குந்தாமல் குந்தியிருந்தேன்.
அடுப்பில் உருளைக்கிழங்கு பொங்கி
நெருப்பை அணைத்துவிட்டது.

கீழ்வீட்டு குன்வால்டிஸ் வெந்நீர்க் குழாயைத் தட்டினார்.
மறுநாள் படிக்கட்டில் கேட்டார்:
"மாலையில் மேலே என்ன நடக்கிறது?"
மேசை நாற்காலி நகர்த்துகிறேன் என்றேன்.
கப்பலில் முப்பது வருடம் சமைத்தவர், யோசித்தார்.
"எட்டு எட்டாகவா நகர்த்துவாய்?
ஏழாவது மட்டும் தாளம் தப்புது."

ஏழாவதில்தான் எனக்கு மூச்சு முட்டும்.
அந்த மனிதருக்கு அதுவரை கேட்டிருக்கிறது.

எடைக்கருவி அசைந்துகொடுக்கவில்லை.
ஆனால் ஐந்தாவது வாரம், நுனிக்காலில் நின்றபோது,
காலுறை நழுவிய இடத்தில்
கெண்டைக்கால் கெண்டையாகத் துள்ளியது.
ஐம்பத்திரண்டு வருடமாக
அங்கே மீன் இருந்தது
எனக்குத் தெரியாது.
குனிந்து தொட்டேன்.
நழுவி உள்ளே போய்விட்டது.

கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிடக் காத்திருப்பு.
முன்பெல்லாம் சிகரெட்.
இப்போது காலி வண்டியின் கம்பியைப் பிடித்து
குதிகாலைத் தூக்குகிறேன்.
பின்சீட்டில் தூங்கி எழுந்த ஒரு பையன்
நேற்று பார்த்துவிட்டான்.
வண்டியில் கோளாறா என்றான்.
சரிபார்க்கிறேன் என்றேன்.

இன்று சொல்ல வந்தது வேறு.
பத்தொன்பதாவது நிமிடம்,
நீ வலக்காலைப் பின்னால் தூக்கிச் சிரிக்கிறாய்.
அப்போது நீ ஊன்றிய இடக்கால்,
கணுக்காலுக்கு மேலே, நடுங்குகிறது.
படத்தைத் தட்டி நான்கு தடவை பின்னால் ஓட்டினேன்.
நடுங்கத்தான் நடுங்குகிறது.
குரலில் ஒன்றும் தெரியவில்லை,
ஆறு, ஏழு என்று எண்ணிக்கொண்டே இருக்கிறாய்.

அந்த இடத்தில் உன்னை நிறுத்திவைத்துவிட்டு
நாற்காலியைத் திருப்பிப் போட்டு
உட்கார்ந்தேன்.
உருளைக்கிழங்கு உரிக்க வேண்டியிருந்தது.