தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு

ஜெர்மனியிலிருந்து வந்த தராசுப் பெட்டியை
உட்துறைமுக வீதிக் கந்தோரில் நான்தான் உடைத்தேன்.
திணைக்களத்தின் ஒரு கிலோப் பித்தளைக் கல்லை
கையுறையோடு தூக்கி வைத்தேன்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு கிராம் என்றது.
துடைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன்.
மூச்சையும் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தேன்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு.

பழுதில்லை.
சுழன்று சுழன்று இடை பருத்த பூமி இது.
அந்த இடுப்புப் பக்கம் எங்கள் குடியிருப்பு,
நடுவிலிருந்து சற்றே தள்ளி,
சுற்றின் வேகத்தில் சற்றே உதறுண்டு.
மூன்று கிராமும் வழியில் எங்கும் கொட்டவில்லை;
இழுக்கிற கை இங்கே கொஞ்சம் தளர்ச்சி, அவ்வளவுதான்.
பழைய இருதட்டுத் தராசுக்கு இது தெரியவே தெரியாது.
இரண்டு தட்டையும் அதே கைதானே இழுக்கிறது.
புதியதற்கு ஊரைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.
சொல்லிக்கொடுத்தேன். ஆயிரம் என்றது.

போதாததற்கு ஒரு பள்ளமும் உண்டு.
இலங்கைக்குத் தெற்கே,
கடலின் தரையில் இல்லை, தண்ணீரில்,
நூறு மீற்றருக்கு மேல் ஆழமாக.
அதன் அகன்ற சரிவுக்குள்தான் நிலாவெளி, மூதூர்,
என் வீட்டுக் கிணறு, எல்லாமே.
இருந்தும் ஒரு வள்ளம் சறுக்கியதில்லை.
ஏன் நிரம்பவில்லை என்று கேட்பீர்கள்;
நானும் மூன்று நாள் அதையே கேட்டுக்கொண்டு சமைத்தேன்.
தண்ணீர் பள்ளத்தைத் தேடும் என்று பள்ளியில் எழுதினோம்.
அது தேடுவது இழுப்பை.
இழுப்பு கூடிய இடத்தில் குவிகிறது,
குறைந்த இடத்தில் தாழ்ந்து கிடக்கிறது,
கிடக்கிற கிடைக்கு மட்டம் என்று பெயர்.
பள்ளத்தின் விளிம்பில் கோலிக்குண்டை வைத்தாலும் உருளாது.
செய்மதி பார்த்துச் சொன்னால்தான் குழி.

ஏன் அங்கே இழுப்புக் குறைவு?
ஆய்வாளர்கள் இன்னும் ஒருமிக்கவில்லை.
அண்மையில் இருவர் கணினிக்குள்
பதினான்கு கோடி ஆண்டுகளை ஓட்டிப் பார்த்தார்கள்.
மூடிப்போன ஒரு பழங்கடலின் தரை
அமிழ்ந்து அமிழ்ந்து ஆழத்துக்குப் போய்
ஆப்பிரிக்காவின் அடியிற் கிடந்த சூட்டைக் கிளறிவிட,
இலேசான பாறை எங்கள் பக்கம் ஒதுங்கியதாம்.
இறந்த கடலொன்று இருக்கிற கடலைத் தாழ்த்தியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை மீன்சந்தை.
றைசுதீனின் தராசில் என் கல்லை வைத்தேன்.
ஆயிரத்து நாற்பது.
சூரையை வெட்டுகிற கத்தி நிற்கவில்லை.
"மிஸ், கடலுக்குள்ள பெரிய பள்ளமாமே,
இஞ்ச பூமி இழுக்கிறது காணாதாம்,
ரேடியோவில சொன்னாங்க. தராசு என்ன செய்யும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான்.
பிறகு ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில்
கணக்குப் போட்டுக் காட்டினேன்:
அந்தப் பள்ளத்தால் கிலோவுக்குக் குறைவது
ஒன்றிரண்டு அரிசிமணி எடை.
அதைவிட ஒன்று.
இழுப்புக் குறைந்தால் தராசு குறைத்துத்தான் காட்டும்.
குறைத்துக் காட்டினால் நீங்கள் கூடுதலாக வெட்டிப்போட வேண்டும்.
பூமி வாங்குகிற ஆட்களின் பக்கம், றைசுதீன்.
இந்த நாற்பது உங்களுடைய பள்ளம்.

அவர் கத்தியை வைத்தார்.
"அப்ப இவ்வளவு நாளும்," என்று தொடங்கி,
எனக்குப் பின்னால் கூடையோடு நின்ற
லூர்தம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.
தண்டச்சீட்டை மடிக்காமல் வாங்கினார்.
அடியில் ஒட்டியிருந்த ஈயத்துண்டைத் தானே கழற்றித் தந்தார்.

திரும்பும்போது மரக்கறிக் கடை வாசலில்
கோவா இலைக்காக வந்த மானொன்று
மூட்டை நிறுக்கிற மேடைத் தராசில்
முன்னங்கால் இரண்டையும் வைத்து நின்றது.
பதினாறு. பதினெட்டு. பதினைந்தரை.
கடைக்காரர் விரட்டப் போனார்.
கொஞ்சம் பொறுங்கள் என்றேன், இலக்கம் நிற்கட்டும்.

நிற்கவில்லை. அது மென்றுகொண்டிருந்தது.